ஐ.நா.வைக் கூப்பிடும் முன் 60 நாளை எண்ணுங்கள்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு ஜூனியர் வக்கீல் தன் மனுவைப் பார்க்கக் கொடுத்தார். 11 பக்கம், அதில் முதல் 5 பக்கமும் ஐ.நா. எனக்கு வயிற்றைக் கலக்கியது, பழைய ஞாபகம். மனுவில் ஐ.நா., ஒப்பந்தம், தீர்ப்பு என்று காட்டும்போது செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். ஸ்டாம்ப் குறைந்தது, கையெழுத்து விட்டுப்போனது மாதிரி தவறுகளைச் சொல்லப் போவதில்லை, ஃபைலிங் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

இந்தியா தலையாட்டியதெல்லாம் ஆபீசரைக் கட்டும் என்று நினைப்பது

இதை நானே செய்து தொலைத்தேன். ஏற்காட்டுக்கு மேலே காபித் தோட்டங்களைத் தாண்டி ஒரு மலையாளி ஊர் (கேரளக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலைப் பழங்குடிகள்). அவர்கள் உழுத நிலத்துக்கு உரிமை கேட்ட மனுவை உட்கோட்டக் குழு தள்ளிவிட்டது. 2006 வன உரிமைச் சட்டப்படி மாவட்டக் குழுவுக்குப் போக 60 நாள். நானோ பழங்குடி மக்கள் உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனத்தை உட்கார்ந்து தமிழில் பெயர்த்து, இந்தியா இதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கிறது, ஆகவே அரசு கட்டுப்பட்டது என்று அழகழகாக டைப் அடித்து, கொண்டுபோய்க் கொடுத்தது 67ஆம் நாள்.

கிளார்க் நாலு பக்கம் புரட்டினார். "ஐ.நா. எல்லாம் சரிங்க சார், ஆர்டர் கைக்கு வந்த தேதி எங்கே?"

கூட வந்த பெரியவர் படியிறங்கும்போது கேட்டார்: "நம்ம சட்டத்துல இதுக்கு ஒண்ணுமே எழுதலைங்களா?"

எழுதியிருந்தது. உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அதே வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு. காரணத்தை விவரமாக எழுதாமல் நிராகரிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் விதிகளில் 2012இல் சேர்த்த 12ஏ. எங்களுக்கு வந்த ஆர்டரில் காரணமே இல்லை! அந்த ஒரு வரி போதும், நான் எழுதவில்லை. அப்புறம் தாமதத்துக்கு ஒரு மனு, ஒரு ரிட், இரண்டு வருஷம் சென்னைக்கு பஸ் சார்ஜ்.

பிரகடனம் ஒப்பந்தமே இல்லை. சரி, ஒப்பந்தமாகவே இருக்கட்டும், அது இந்தியாவை மற்ற நாடுகளிடம்தான் கட்டும். உள்ளூர் ஆபீசரைக் கட்ட வேண்டுமானால் பொதுவாக நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், அதற்குத்தான் அரசியல் சட்டத்தில் 253ஆம் பிரிவு. அதற்காக ஒப்பந்தம் குப்பை என்று அர்த்தமில்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையில் போடலாமா என்ற கேள்வி வந்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை தானாக இங்கே சட்டமாகாது என்று சொன்ன அதே நீதிபதி கிருஷ்ணய்யர், நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவை அந்த உடன்படிக்கைக்கு ஒத்துப்போகும்படி வாசித்து, வசதி இருந்தும் ஏமாற்றுகிறவனைத்தான் பிடிக்கலாம் என்றார். 1997 விசாகா வழக்கில் சட்டமே இல்லாத இடத்தை, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் துணையோடு நிரப்பினார்கள். தனிச் சட்டம் வர 2013 ஆனது. உள்ளூர்ச் சட்டம் மங்கலாகவோ வெறுமையாகவோ இருந்தால் ஒப்பந்தத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. தெளிவாக எதிராக இருந்தால் கோர்ட் சட்டத்தின் பக்கம்தான் நிற்கும்.

ஜூனியரிடம் தேதியைக் கேட்டேன். இன்னும் 9 நாள் இருந்தது. ஐ.நா.வைக் கடைசி இரண்டு பத்திக்கு இறக்கச் சொன்னேன், முகம் வாடிவிட்டது.

51(சி)யைக் காட்டி 37ஐ மறைப்பது

சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 51(சி). இந்த மாதிரி வழிகாட்டு நெறிகளைக் கோர்ட் மூலம் அமல்படுத்த முடியாது என்கிறது 37. எதிர்த்தரப்பு இதை மறக்காது.

கையெழுத்தை ஒப்புதலாக எண்ணுவது

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. ஒப்புதல் இன்னும் தரவில்லை, அது தந்தால்தான் உடன்படிக்கை நாட்டைக் கட்டும்.

மேலே போய் மாறிவிட்ட தீர்ப்பைத் தூக்கிவருவது

சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கான நிலம் எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது. அரசியல் சட்டத்தின் 141ஆம் பிரிவுப்படி எல்லாக் கோர்ட்டையும் கட்டுவது பின்னதுதான். ஆனாலும் என்னிடம் வரும் ஒருவர் 2019 பேப்பர் கட்டிங்கை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் மேஜையில் எடுத்து வைக்கிறார், தேதியைப் பாருங்கள் என்றால் கோபித்துக்கொள்கிறார்.