எஸ்ஏபி இசட் ஸ்கிரீனில் கஸ்டமர் எண்: சொந்த ஃபீல்டு வேண்டாம்

நிறுவன மென்பொருளான எஸ்ஏபியில் இசட் டேபிளோ ஸ்கிரீனோ (நாமே உருவாக்குபவை; பெயர் இசட்டில் தொடங்கும்) அமைக்கும்போது கஸ்டமர் எண்ணுக்குச் சொந்தமாக 10 எழுத்து ஃபீல்டு போடாதீர்கள். எஸ்ஏபியின் ‘குன்னர்’ டேட்டா எலிமெண்டையே (ஃபீல்டின் வகை, நீளத்தை வரையறுப்பது) கொடுங்கள். லேபிள், எஃப்1 விளக்கம் இரண்டும் கூடவே வந்துவிடும்.

முக்கியமான லாபம் ஆல்ஃபா கன்வர்ஷன். யூசர் 1234 என்று அடித்தால் உள்ளே 0000001234 என்று சேமிக்கும். சொந்த ஃபீல்டில் வெறும் 1234தான் நிற்கும். கஸ்டமர் விவரங்கள் உள்ள கஸ்டமர் மாஸ்டர் டேபிளுடன் ஜாயின் போட்டு இணைத்தால் ஒரு வரியும் வராது. எரரும் வராது என்பதுதான் கொடுமை! எக்ஸெல் அப்லோடில் இந்தக் கன்வர்ஷன் தானாக நடக்காது. புரோகிராமில் நீங்களே அழைக்க வேண்டும்.

மெட்டீரியல் எண்ணுக்கு ‘மட்னர்’. எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசியில் 18 எழுத்தாக இருந்தது, புதிய எஸ்/4 ஹானாவில் 40 வரை நீள்கிறது. 18 என்று கையால் எழுதிய இடங்களில் நீண்ட எண்ணின் வால் வெட்டுப்படும்.

டேட்டா எலிமெண்ட் மட்டும் போட்டால் தப்பான கஸ்டமர் எண் தடுக்கப்படாது. இசட் டேபிளில் ஃபாரின் கீ (அந்த எண் கஸ்டமர் மாஸ்டரில் உண்டா என்று பார்க்கும் இணைப்பு) வையுங்கள். செலக்ஷன் ஸ்கிரீன் பாராமீட்டர் (புரோகிராம் ஓடும் முன் யூசர் மதிப்பு கொடுக்கும் ஃபீல்டு) என்றால் ‘வேல்யூ செக்’ தனியாகச் சேர்க்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒன்றுதான். சொந்த டேபிளில் ஃபீல்டுக்கும் குன்னர் என்றே பெயர் வைக்கலாம். எஸ்ஏபியின் ஸ்டாண்டர்டு டேபிளில் அப்பெண்ட் செய்யும் (கூடுதலாகச் சேர்க்கும்) ஃபீல்டு மட்டும் இரட்டை இசட் அல்லது இரட்டை ஒய்யில் தொடங்கட்டும். இல்லையென்றால் பின்னால் எஸ்ஏபி அதே பெயரில் ஃபீல்டு கொண்டுவரும்போது அப்கிரேடில் மோதும்.