குளிர்காலத்தில் ஊட்டிக்கு ஜோடியாகக் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரிக்குக் கிளம்பும் கணவன் மனைவி பெரும்பாலும் மே மாத ஊட்டியை மனதில் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு ரூமை விட்டுக் கிளம்பி, ஏழெட்டு இடம் பார்த்து, இருட்டிய பிறகு திரும்பும் திட்டம் அது. கோடை விடுமுறைக்கு அது சரியாக வரலாம். குளிர்காலத்தில் மலையின் நாள் வேறு மாதிரி நடக்கிறது. ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 6.45 ஆகிவிடும், மாலை 6.15-க்கெல்லாம் மறைந்துவிடும். நண்பகலில் 20 டிகிரி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடப்பீர்கள். அதே ஊரில் விடியற்காலையில் பள்ளமான இடங்களில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். எந்தெந்த இடம் என்று பட்டியல் போடுவதற்கு முன், எந்த நேரத்தில் எங்கே இருக்கப் போகிறோம் என்று யோசித்துவிட்டால் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

எப்போது போவது

டிசம்பர் முழுக்கக் குளிர்காலம்தான் என்று எண்ணி மாதத்தின் முதல் பாதியிலேயே ரூம் போட்டுவிடுவது முதல் தவறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இதுதான் பெருமழைக் காலம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் பெய்த மழையும் அதில் நடந்த நிலச்சரிவுகளும் மலைமக்களுக்கு இன்றும் மறக்கவில்லை. புயல் சின்னம் உருவானால் மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் மரம் விழும், மண் சரியும், மலை ரயிலும் நிற்கும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், பொங்கல் விடுமுறையிலும் கூட்டம் சொல்லி மாளாது, வாடகையும் ஏறிவிடும். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரியின் பின்பாதியிலும் பிப்ரவரியின் முதல் வாரங்களிலும் வரும் வார நாட்களைத்தான் நான் சொல்வேன். வானம் தெளிந்திருக்கும், சாலை காலியாக இருக்கும், உறைபனியும் கிடைக்கும். குடியரசு தின விடுமுறை சனி, ஞாயிறோடு ஒட்டி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை ரயிலை நம்பி மொத்தப் பயணத்தையும் கட்டுவது இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் போய்ச் சேரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். அதில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது அருமையான அனுபவம். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரயில் அது. ஆனால் மழைக்காலத்தில் பாறை உருண்டாலோ மண் சரிந்தாலோ அன்றைய ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். டிக்கெட் எடுத்திருந்தாலும் பஸ்ஸில் ஏற ஒரு மாற்று ஏற்பாடு கையில் இருக்கட்டும். கீழிருந்து ஏறும் ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால் மனம் விட வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஓடும் ரயில்களில் ஏறினாலும் கேத்தி, லவ்டேல் வழியாக நல்ல ஒரு மணி நேரம் கிடைக்கும்.

குளிருக்கு என்ன எடுத்துப் போவது

ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போவதுதான் எல்லாரும் செய்வது. காலையில் அது போதாது, மதியம் அது தாங்காது. உள்ளே ஒரு தெர்மல் அல்லது ஒட்டிய பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காற்றைத் தடுக்க மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக இருந்தால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காது மறைக்கும் குல்லாவும், இரவுக்கென்றே தனியாக எடுத்து வைத்த காய்ந்த சாக்ஸும் விலையுயர்ந்த ஜாக்கெட்டைவிட அதிகம் உதவும். ஜீன்ஸ் பனியில் நனைந்தால் காய நாள் முழுக்க ஆகும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ லிப் பாமோ கட்டாயம். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் நண்பகல் வெயில் கன்னத்தையும் மூக்கையும் கறுக்க வைத்துவிடும்.

ரூம் எடுக்கும்போது எல்லாரும் ‘வியூ’ கேட்கிறார்கள். குளிர்காலத்தில் கேட்க வேண்டியது வேறு. ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? வெந்நீர் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வரும்? கூடுதல் கம்பளி தருவார்களா? ஜன்னல் கிழக்குப் பார்த்ததா? ஏரியை ஒட்டிய பள்ளத்து ரூமைவிட, சரிவில் காலை வெயில் விழும் ரூம் எத்தனையோ மேல். இந்தக் கேள்விகளை முன்பணம் கட்டுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். சரியான பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. ரூமுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பு மூட்டாதீர்கள். வெளியில் பார்பிக்யூ போட்டுவிட்டு, தணல் மிச்சமிருக்கிறதே, ரூமை கொஞ்சம் சூடாக்கும் என்று உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் நம் மலைகளிலேயே மூச்சடங்கி இறந்திருக்கிறார்கள். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. புகை போலக் கண்ணையும் எரிக்காது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், அசதியாக வரும். ஊர் சுற்றிய களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவீர்கள். அந்தத் தூக்கம்தான் ஆபத்து. தணல் அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தாலும் இதே கதைதான்; ஜன்னலைத் திறந்து வைத்துக் குளியுங்கள், இல்லாவிட்டால் வாளியில் வெந்நீர் கேளுங்கள். கம்பளிக்கு அடியில் ஒரு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டால் இரவு நன்றாகவே கழியும்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று மது குடிப்பதும் தவறான நம்பிக்கை. தோலில் ரத்தம் பாய்வதால் சூடாகத் தோன்றும்; உண்மையில் அந்த வழியாக உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

உறைபனி பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு

ஊட்டியில் பனி விழுகிறது என்று செய்தியில் பார்த்துவிட்டு, காஷ்மீர் போலக் கால் புதையப் புதைய நடக்கலாம் என்று வருபவர்கள் உண்டு. இங்கே வானிலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேல் அப்படியே உறைந்துவிடுகிறது. மேட்டில் இருக்கும் உங்கள் ஓட்டல் வாசலில் ஒன்றும் இல்லாமல், தலைகுந்தாவிலும் காந்தலிலும் மட்டும் புல்வெளி வெளுத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். முந்தின இரவு வானத்தில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, மரக்கிளை அசையாமல் இருந்தால் விடியலில் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். மேகம் மூடியிருந்தால் அலாரம் வைக்காமல் தூங்கலாம்.

எட்டரை மணிக்குப் போய் நின்று ஒன்றுமே இல்லையே என்று திரும்புவதுதான் பலருக்கும் நேர்கிறது. வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்து வெறும் ஈரமாகிவிடும். சூரியன் எழும்போதே அந்த இடத்தில் இருக்க வேண்டும். குனிந்து ஒரு புல்லைப் பாருங்கள்: இலையின் ஓரத்தில்தான் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும், நடுவில் குறைவாக இருக்கும். போட்டோவுக்காகப் புல்வெளிக்குள் இறங்கி மிதிக்க வேண்டாம். வனத்துறை நிலத்துக்குள் போக அனுமதியும் கிடையாது. சாலையோரத்திலிருந்தே வேண்டிய அளவு தெரியும். ஆஸ்துமாவோ ரத்த அழுத்தமோ இருப்பவர் அந்த நேரத்துக் காற்றை மூக்கையும் வாயையும் சால்வையால் மூடிக்கொண்டுதான் சுவாசிக்க வேண்டும். இன்ஹேலர் பையில் அல்ல, கையில் இருக்கட்டும்.

வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றித் துடைத்தாலே போதும்.

இரண்டு பேர், இரண்டு உடம்பு

இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. ஒருவருக்கு இதமாக இருக்கும் குளிர் இன்னொருவருக்கு நடுக்கமாக இருக்கும். ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து உறைபனி பார்க்கத் துடிப்பார், மற்றவருக்கு எட்டு மணி வரை கம்பளிக்குள் கிடப்பதுதான் விடுமுறை. இருவருமே சரிதான். கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரு ஆசையைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டை மட்டும் கட்டாயமாக வைத்துக்கொண்டு மீதியைத் தளர விடுங்கள். வீம்புக்கு எழுப்பிக் கூட்டிப் போய் அங்கே முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் யாருக்கும் லாபமில்லை.

வண்டிக்காரர் நீட்டும் ‘லோக்கல் சைட்சீயிங்’ பட்டியலில் பைக்காரா, தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம் தொடங்கி குன்னூரின் டால்பின் நோஸ் வரை எல்லாம் ஒரே நாளுக்குள் இருக்கும். ஓடலாம், ஆனால் நாளின் பெரும்பகுதி காருக்குள்ளேயே போய்விடும். மூன்று நாளில் ஊட்டியையும் கொடைக்கானலையும் சேர்த்துப் பார்ப்பது இன்னும் மோசம். ஒரு மலை இறங்கி மறு மலை ஏற ஒரு பகல் முழுக்கத் தீர்ந்துவிடும். வளைவுகளில் வாந்தி எடுப்பவருக்கு அது தண்டனை. ஒரே ஊரில் தங்குங்கள். குளிர் அதிகம் ஆகாதவர்கள் ஊட்டியை விட்டுவிட்டு 1,850 மீட்டரிலுள்ள குன்னூரையோ, இன்னும் சற்றுத் தாழ்ந்த கோத்தகிரியையோ எடுத்துக்கொள்ளலாம்.

குன்னூரில் தங்கினால் குளிர்காலத்துக்கே உரிய ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் தேயிலைக் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. நீலகிரித் தேயிலையில் ருசி தெரிந்தவர்கள் காத்திருப்பது இந்தப் பருவத்துக்குத்தான். பார்வை முனையில் விற்கும் சாக்லேட் டீத்தூளை வாங்குவதற்குப் பதில், நல்ல கடையில் ‘குளிர்காலத்து இலைத் தேயிலை’ என்று கேட்டு வாங்கி, பால் விடாமல் ஒரு முறை குடித்துப் பாருங்கள். கூடவே சுடச்சுட வர்க்கி. மதிய வெயிலில் இருவரும் உட்கார்ந்து இதைச் சாப்பிடும் ஒரு மணி நேரத்துக்காக நான் இரண்டு பார்வை முனைகளைத் தாராளமாக விட்டுக்கொடுப்பேன்.

சாலையும் சட்டமும்

கூட்டம் இல்லாத மாதம்தானே என்று இ-பாஸை மறந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த, வாடகை வண்டிகளில் வருவோர் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு அது தேவையில்லை. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மாலை நடை போக ஆசைப்படுபவர்கள் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் குடியிருப்புத் தெருக்களிலும்கூடக் காட்டுமாடும் கரடியும் சாதாரணமாக நடமாடும். காட்டுமாடு பார்க்கச் சாதுவாக நிற்கும். செல்ஃபிக்காக நெருங்கினால் பாய்ந்துவிடும். முதுமலை வழியாகக் கர்நாடகம் போகிறவர்களுக்கு பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இறங்கும் நாளில்தான் அவசரம் அதிகம். கடைசி நிமிடம் வரை ஷாப்பிங் செய்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினால், மூடுபனியும் இருட்டும் வளைவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நியூட்ரலில் இறக்காதீர்கள். இரண்டாம் கியரில், எஞ்சின் பிடிப்பில் மெதுவாக விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பாதி வழியில் பிடிக்காமல் போகும். மேலே ஏறும் வண்டிக்கு நின்று வழிவிடுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும், லோ பீம் போதும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை குறுக்குவழி என்று மேப் காட்டினாலும் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கூடாது. 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான சரிவுமாக எத்தனையோ உயிரைக் குடித்த பாதை அது. மசினகுடிக்குக் கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். வாந்தி வருபவர் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்காரட்டும். மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் மதியச் சாப்பாட்டை லேசாக முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் ஊட்டியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.