ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால் முதலில் காப்பி எடுங்கள்

போன ஐப்பசியில் மழை விடாமல் அடித்த ஒரு நாள், ஒரு பெரியவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி என் கடைக்குக் கொண்டு வந்தார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து குடையை அதற்கே பிடித்துக்கொண்டு, தான் நனைந்து வந்திருந்தார். "தம்பி, ரெண்டு நாளைக்கு முன்னாடி டிக் டிக்குனு சத்தம் போட்டுச்சு. கணக்கெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். ஆறு வருடப் பச்சைத் தேயிலைக் கணக்கு. எந்தத் தேதியில் எத்தனை கிலோ ஃபேக்டரிக்குப் போனது, என்ன விலை கிடைத்தது, கூலி எவ்வளவு என்று எல்லாம் அதில். கூடவே இன்னொரு ஃபோல்டர்: படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவில் வெள்ளை உடுத்தி நிற்கும் அவருடைய அப்பாவின் படங்கள். அப்பா இப்போது இல்லை.

அவர் செய்த ஒரு நல்ல காரியம், சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டார். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் எனக்கு வேலை எளிதாக இருந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

முதலில் சத்தம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான், அதாவது ஃபைல்களைச் சுழலும் தட்டுகளில் வைத்திருக்கும் பெட்டியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டிஸ்க் இருக்கும் பக்கத்தில் லேசாக வைத்து, பிடியைக் காதோடு ஒட்டுங்கள். ஃபேன் என்றால் ஒரே சீரான இரைச்சல் கேட்கும். டிஸ்க் என்றால் டக், டக், டக் என்று ஒரே இடைவெளியில் தட்டும். சில சமயம் சுற்றுவது நின்று மறுபடி தொடங்குகிற ஓசையும் வரும். உள்ளே படிக்கும் ஊசி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறது என்று அர்த்தம். இந்தத் தட்டல் விடாமல் கேட்டால் எந்த மென்பொருளும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், தூசி புகாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. ஊசிக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தூசு போதும், தட்டைக் கீறிவிடும்.

சத்தம் இல்லாமலும் டிஸ்க் போகும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கும். டாஸ்க் மேனேஜரில் எந்த வேலையும் இல்லாமலே டிஸ்க் 100 சதவீதம் காட்டும். ஆன் செய்யும்போதே 'பேக்கப் எடுத்து மாற்றுங்கள்' என்கிற எச்சரிக்கை வரும். இப்படி இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நலக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது, அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதை இந்த மென்பொருள் படித்துக் காட்டும். நீலம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து.

ஆனால் நான் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. நான்கு வரிகளைத் தேடுவேன். 05 என்பது கெட்டுப்போய், உதிரி இடத்துக்கு ஏற்கனவே மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தட்டல் விடாமல் கேட்காத அந்தப் பெரியவரின் டிஸ்க்கில் சி5 காலையில் 16 இருந்தது, மதியம் 40. எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு விஷயம், இந்த எண்கள் வழக்கமாக ஹெக்ஸ் என்ற 16 அடிப்படை எண் முறையில் தெரியும். அங்கே 10 என்றால் உண்மையில் 16. மெனுவில் தசம முறைக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

நான்காவது வரி சி7. இது மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. டெஸ்க்டாப்பில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வேறு ஒன்று போடுங்கள். பழைய எண் குறையாது, அப்படியே நிற்கும். மேலே ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது. நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிவதற்கு முன் இதைப் பார்ப்பது அவசியம்.

மலை மேலே காற்று குறைவு, அதனால்தான் இங்கே டிஸ்க் சீக்கிரம் போகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது: ஊசி தட்டின்மேல் காற்றில்தான் மிதக்கிறது. ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,048 மீட்டர் உயரம் வரை வேலை செய்யும் என்று குறிப்பிடுகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். என் கடைக்கு வருகிற டிஸ்க்குகளைக் கெடுப்பது மரம் விழுந்து போய்ப் போய் வரும் கரண்டும், ஓடுகிற லேப்டாப்போடு ஜீப்பில் குலுங்குவதும், ஈரமும்தான். உறைபனி நாளில் இரவெல்லாம் வண்டியில் கிடந்த லேப்டாப்பை அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும். இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற யோசனையும் சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். அதிலும் நீர்தான் கோக்கும்.

இப்போது காப்பி. இதில் நான் ஒரு முறை பெரிய தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், திணறிக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கைச் சரிசெய்யலாம் என்று விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். அது இரவு முழுக்க ஒவ்வொரு செக்டராகப் படித்துத் தேய்த்திருக்கிறது. காலையில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே அந்த டிஸ்க் தெரியவில்லை. ஒரு குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் அதில் இருந்தன. அந்த அம்மாவிடம் சொன்ன நிமிடத்தை நான் மறக்கவில்லை. காப்பி எடுக்காமல் செக்டிஸ்க், டீஃப்ராக், ஃபார்மட் எதுவும் ஓட்டாதீர்கள்.

டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால், திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: படங்கள், கணக்கு, டேலி டேட்டா, ஸ்கேன் செய்த பட்டா. சினிமாவும் மென்பொருளும் கடைசியில். நடுவில் சிக்கி நின்றால் அந்த ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ரொம்பவும் திணறினால், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மிண்ட்டைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்து ஆன் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டுவேன். இது எளிதில் வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நம் ஊருக்கு இது பெரிய வரம். அந்த மேப் ஃபைலை மூன்றாவதாக ஒரு டிரைவில் சேமியுங்கள். பென்டிரைவில் ஓடும் அந்த லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அணைந்ததும் அதுவும் போய்விடும். கட்டளையில் பழைய டிஸ்க்கின் பெயர் முதலில், புதியது இரண்டாவது. மாற்றிப் போட்டால் வெறும் டிஸ்க் உங்கள் டேட்டா மேல் எழுதப்படும். அளவையும் சீரியல் எண்ணையும் வைத்து எது எது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். பெரியவரின் டிஸ்க்குக்கு ஒன்றரை நாள் ஆனது. நடுவில் நான்கு முறை கரண்ட் போனது.

டிஸ்க்கை மாற்றுவது இதோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்குங்கள், ஜீப் குலுக்கல் அதை ஒன்றும் செய்யாது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம், எஸ்எஸ்டி 7 தான். ஆடினால், எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். டிஸ்க்கை மேலே தூக்காமல், கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் இழுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கை வேறு எங்கும் திறக்க முடியாது.

நான் பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வதைவிடப் புதிதாக விண்டோஸ் போடுவதையே விரும்புவேன், ஏனென்றால் கெட்ட செக்டரில் சிதைந்த சிஸ்டம் ஃபைல்களும் குளோனோடு வந்துவிடும். 8 ஜிபி பென்டிரைவ் போதும். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டியிருப்பதால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

பிறகு காப்பி செய்த ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வருடக் கணக்கிலும் ஒரு மாதத்தைத் திறந்தோம். அப்பாவின் படங்களில் மூன்று பாதி சாம்பல் நிறமாக வந்தன, மற்றதெல்லாம் முழுதாக இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை நான் கடையைச் சாத்தவில்லை.

எஸ்எஸ்டி போகும்போது சத்தம்கூட வராது. அதனால் ஒரு வெளி டிரைவும் வாங்கச் சொன்னேன், மாதம் ஒரு முறை காப்பி எடுத்து மகள் வீட்டில் வைக்கிறார். பழைய டிஸ்க்கின் மேல் மார்க்கரால் தேதியும் 'கெட்டது' என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று படங்களுக்காக அது பீரோவில் இருக்கட்டும்.