டைரியில் குறித்த நேரம்

மகள் மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் வீட்டுப்பாடம் எழுதி முடிக்க ஒன்பது ஆகிவிடும். ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டை மூன்றாவது தடவை எழுதும்போது நோட்டின் மேலேயே தூங்கிப்போனாள். நடுவிரலில் பென்சில் அழுத்திய பள்ளம் சிவந்திருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் அவள் டைரியில் குறித்தேன். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்! மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது.

டைரியோடு வகுப்பு மிஸ்ஸைப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. "மிஸ், இந்த நேரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றேன், அவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கொடுப்பதால் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று அவருக்கே தெரியவில்லை, பாவம். அப்புறம் பேசி முடிவு செய்தோம்: வாரத்தில் நான்கு நாள், அரை மணி நேரம். நேரம் முடிந்ததும் எழுதிய இடத்தில் கோடு போட்டு நான் கையெழுத்திடுவேன்.

முதல் வாரம் கணக்கு மிஸ் மீதியை இடைவேளையில் எழுதச் சொன்னார். மறுபடி போய்ப் பேசினேன். சரி என்றார். இப்போது ஏழு மணிக்கெல்லாம் பாட்டியோடு பல்லாங்குழி ஆடுகிறாள்.