நம்பர் மாறாமல் நெட்வொர்க் மாற: போர்ட் போடுமுன் பார்க்க வேண்டியதும், போட்டபின் செய்ய வேண்டியதும்

செல்போன் நம்பரை விடாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் ‘போர்ட்’ வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. 2015 ஜூலை முதல் மாநிலம் மாறினாலும் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2019 டிசம்பர் 16-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்திய பிறகு, தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவது 3 வேலை நாளில் முடிகிறது. ஒரு எஸ்எம்எஸ், ஒரு ஆதார், ஒரு புது சிம். வேலை அவ்வளவுதான்.

தொல்லை வருவதெல்லாம் அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு முந்தைய வாரத்தில், இல்லாவிட்டால் புது சிம் உயிர் பெற்ற மறுநாள். ஒருமுறை மாறிவிட்டால் அடுத்த 90 நாளுக்கு வேறெங்கும் போக முடியாது. அவசரத்தில் தப்பான இடத்துக்குப் போனால் மூன்று மாதம் மொட்டை மாடியில் நின்றுதான் பேச வேண்டும்.

முதலில் சிக்னல்

விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டைப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் கவரேஜ் மேப் உண்டு. அது தெரு அளவுக்குத்தான் உண்மை சொல்லும், சமையலறை அளவுக்குச் சொல்லாது. அந்த நெட்வொர்க் சிம் வைத்திருக்கும் உறவினரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, நீங்கள் படுக்கும் அறை, சமையலறை, வேலை செய்யும் மேசை மூன்றிலிருந்தும் பேசிப் பாருங்கள். இணையத்தை இரவு 8 மணிக்கு மேல் 10 மணிக்குள் சோதியுங்கள். டவரில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் அது. காலை 6 மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் பறக்கும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு அந்த நிறுவனத்தின் புது ப்ரீபெய்டு சிம் வாங்கி, போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டுப் பாருங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

உங்கள் போன் அந்த நெட்வொர்க்கை ஏற்குமா?

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பே 4ஜி வழியாகத்தான் போகும். போனில் 4ஜி வழியாகப் பேசும் வோல்டி வசதி இல்லையென்றால் ஜியோ சிம் அதில் வெறும் பிளாஸ்டிக். வீட்டுப் பெரியவர் வைத்திருக்கும் பழைய பட்டன் போன் இந்த வகைதான். ஜியோபோனில் இருப்பவர் ஏர்டெல்லுக்கோ பிஎஸ்என்எல்லுக்கோ மாறினால் கதை தலைகீழ்: அந்தப் போன் ஜியோ சிம்மை மட்டுமே எடுக்கும், புதுப் போனும் வாங்க வேண்டியிருக்கும்.

தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்து போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர், வண்டியில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி, கடைக்குள் இருக்கும் எச்சரிக்கை மணி ஆகியவற்றுக்குள்ளும் சிம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை 2ஜி கருவிகள். வீட்டு நம்பர்களை மொத்தமாக மாற்றும் வேகத்தில் மோட்டார் சிம்மையும் ஜியோவுக்கு மாற்றினால், மறுநாள் வயலுக்கு நடந்து போய்த்தான் சுவிட்ச் போட வேண்டும்.

பிஎஸ்என்எல்லுக்குப் போகிறவர்கள் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். அதன் 4ஜி வருவது 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும்; போன் விவரப் பட்டியலில் இவை பேண்ட் 28, பேண்ட் 1 என்று இருக்கும். சில பழைய ஸ்மார்ட்போன்களில் பேண்ட் 28 இருக்காது. 700-ல் மட்டும் 4ஜி கிடைக்கும் இடத்தில் அந்தப் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். குறை டவரில் இல்லை, போனில். மாடல் பெயரைத் தேடினால் எந்தெந்த பேண்ட் உண்டு என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும்.

பழைய கணக்கைத் துடையுங்கள்

போஸ்ட்பெய்டு என்றால் வந்திருக்கும் பில்லைக் கட்டிவிடுங்கள். கெடு தாண்டிய பாக்கி இருந்தால் போர்ட் நிற்கும். ஒப்பந்தக் காலம் முடியாமல் தவணைத் திட்டம் எதிலாவது இருந்தாலும் அப்படித்தான். குடும்பத் திட்டத்தில் தலைமை நம்பர் உங்களுடையது என்றால் முதலில் மற்ற நம்பர்களுக்கு வழி செய்துவிட்டு மாறுங்கள். அந்தத் திட்டத்தோடு இலவசமாக வந்த ஓடிடி சந்தாக்களும் அதோடு முடியும்.

ப்ரீபெய்டு என்றால் கணக்கு எளிது: மிச்சமிருக்கும் நாள், டேட்டா, பேலன்ஸ் எதுவும் கூட வராது. ஆகவே 84 நாள் திட்டம் போட்ட பத்தாம் நாள் மாறாதீர்கள். திட்டம் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது தொடங்குவதுதான் சரி.

சிம் அப்பா பெயரிலோ முன்னாள் முதலாளி பெயரிலோ இருந்தால், முதலில் பழைய நிறுவனத்திலேயே பெயரை மாற்றி முடித்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான குறுக்கு வழி அல்ல போர்ட். பெயர் மாற்றம் பாதியில் நிற்கும்போது போர்ட்டும் நடக்காது. கம்பெனி கொடுத்த நம்பரென்றால் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கு 5 வேலை நாள்.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. தொலைந்த சிம்முக்குப் பதில் சிம் வாங்கினால் அன்றிலிருந்து 7 நாள் போர்ட் செய்ய முடியாது. அடுத்தவர் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, கையோடு வேறு நெட்வொர்க்குக்குக் கடத்தி, வங்கிக் கணக்கைத் துடைக்கும் திருட்டைத் தடுக்கத்தான் இது.

சிம்மிலேயே சேமித்த நம்பர்கள் இருந்தால் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ நகலெடுத்துவிடுங்கள். பட்டன் போன்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அந்த எஸ்எம்எஸ்

மாற வேண்டிய சிம்மிலிருந்து 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். செய்தி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்: பி, ஓ, ஆர், டி என்ற நான்கு பெரிய எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு உங்கள் பத்து இலக்க எண். முன்னால் 91-ம் வேண்டாம், பூஜ்ஜியமும் வேண்டாம். இரண்டு சிம் போனில் எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பார்த்து அனுப்புங்கள். ‘பதிலே வரலை’ என்று புலம்புகிறவர்களில் பலர் மற்ற சிம்மிலிருந்து அனுப்பியவர்கள்தான். சிறிய ரீசார்ஜில் எஸ்எம்எஸ் வசதி இல்லையே என்று கவலை வேண்டாம். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900-க்கு அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

பதிலாக யுபிசி என்ற எட்டு இலக்கக் குறியீடு வரும்; எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். 4 நாள் செல்லும், எந்தத் தேதிவரை என்பதும் அதிலேயே இருக்கும். 90 நாள், பாக்கி, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே இந்தக் குறியீடு உருவாகிறது. எனவே குறியீடு கைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தகுதி இல்லையென்றால் ஏன் இல்லை என்ற காரணம் செய்தியாக வரும். அதை அழித்துவிடாமல், பழைய நிறுவனத்தோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறியீட்டை யாரிடமும் போனில் சொல்லாதீர்கள். ‘உங்கள் சிம்மை 5ஜியாக மாற்றித் தருகிறோம், வந்த எட்டு இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று எவராவது கேட்டால், அவர் கேட்பது உங்கள் நம்பரை.

நாளையும் பார்த்து அனுப்புங்கள். கணக்கில் வருவது வேலை நாள் மட்டும். திங்கட்கிழமை கடைக்குப் போனால் வியாழன் வாக்கில் முடியும். வெள்ளி மாலை போனால் ஞாயிறு கழிந்து அடுத்த வாரம் நடுவில்தான். பொங்கல், தீபாவளி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. மாநிலம் மாறிப் போவதென்றால் 5 வேலை நாள்.

கடையில்

ஆதாரோடு நேரில் போங்கள். கைரேகையும் நேரடிப் புகைப்படமும் எடுப்பார்கள். முடிந்தால் நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே போங்கள். ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்பவர்களில் நல்லவர்களும் உண்டு, ஆனால் பிரச்சினை வந்தால் அடுத்த வாரம் குடை அங்கே இருக்காது. ஜியோ, ஏர்டெல் போன்றவை வீட்டுக்கே ஆள் அனுப்பியும் செய்து தருகின்றன.

கடைக்காரர் குறியீட்டைப் பதிந்ததும் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஆங்கில ஓ-வும் பூஜ்ஜியமும், ஐ-யும் ஒன்றும் மாறிப்போனால் விண்ணப்பம் திரும்பிவிடும். ‘ரேகை பதியலை, இன்னொரு தடவை வைங்க’ என்றால் உஷார். உண்மையாகவும் இருக்கலாம், உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுக்கும் தந்திரமாகவும் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்து நுழைந்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

போர்ட் கட்டணம் பத்து ரூபாயைத் தொடாது. பல இடங்களில் அதையும் கேட்பதில்லை. முதல் ரீசார்ஜுக்குத்தான் பணம். போர்ட் ஆகி வருகிறவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறதா, அது முடிந்தபின் என்ன விலை என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாட்கள்

பழைய சிம்மைக் கழற்றாதீர்கள். மாறும் நிமிடம்வரை அதுதான் வேலை செய்யும். இசிம் (போனுக்குள்ளேயே பதியும் டிஜிட்டல் சிம்) வைத்திருப்பவர்கள் பழைய இசிம்மை முன்கூட்டியே அழித்துவிடக் கூடாது. இந்த நாட்களில் பழைய நிறுவனத்திலிருந்து சலுகை சொல்லி அழைப்பு வரலாம். மனம் மாறினால், விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் 1900-க்கே ரத்துச் செய்தி அனுப்பலாம்: கேன்சல் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, நம்பர். அதற்குப் பிறகு வண்டி திரும்பாது.

எந்தத் தேதி, எந்த நேரம் மாறும் என்று எஸ்எம்எஸ் வரும். பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பழைய சிம்மில் ‘நோ சர்வீஸ்’ என்று காட்டியதும் போனை அணைத்துப் புது சிம்மைப் போட்டு இயக்குங்கள். சில மணி நேரம் இரண்டுமே செத்தமாதிரி இருப்பது இயல்பு. மறுநாள் காலை ரயில் டிக்கெட், பரீட்சைக் கட்டணம் என்று ஓடிபி தேவைப்படும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

புது சிம் உயிர் பெற்றதும்

வாட்ஸ்அப்புக்கு எதுவும் செய்ய வேண்டாம், நம்பர் அதேதான். ஜிபே, போன்பே, வங்கிச் செயலிகள் அப்படியல்ல. அவை போனையும் சிம்மையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். சிம் மாறியதைக் கண்டதும் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் போக புதுத் திட்டத்தில் எஸ்எம்எஸ் வசதி இருக்க வேண்டும், இல்லையென்றால் சில ரூபாய் பேலன்ஸ் இருக்க வேண்டும். ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டு சிம் போனில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். யுபிஐ பின் மாறாது.

அழைப்பு வருகிறது, டேட்டா மட்டும் வரவில்லை என்றால் போனின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஏபிஎன் (இணையத்துக்கான நுழைவாயில்) பெயரைப் பாருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். பழைய நிறுவனத்தின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கமான கோளாறு. நீங்கள் அழைத்தால் போகிறது, சிலரிடமிருந்து மட்டும் வரவில்லை என்றால், அவர்களுடைய நெட்வொர்க்கில் உங்கள் புது விலாசம் இன்னும் ஏறவில்லை என்று பொருள். ஒரு நாள் பொறுங்கள். அதற்கு மேலும் அப்படியே இருந்தால், அழைக்க முடியாதவரின் நம்பர், நிறுவனம், அழைத்த நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு புது நிறுவனத்தின் 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவரிடம் காட்ட அந்தப் புகார் எண் வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்த்து வைப்பதில்லை.

போஸ்ட்பெய்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் ஒரு பில் பாக்கி இருக்கும்: கடைசி பில் தேதிக்கும் மாறிய நாளுக்கும் இடைப்பட்ட கணக்கு. ‘நாமதான் வந்துட்டோமே’ என்று அதை விட்டால், பழைய நிறுவனம் கேட்டுக்கொண்டு புது நிறுவனம் உங்கள் நம்பரைத் துண்டிக்கலாம். விதி அதற்கு இடம் தருகிறது. அந்த பில்லைக் கட்டி, ரசீதை எடுத்து வைத்த பிறகு வங்கியில் போட்டிருந்த தானியங்கிக் கட்டணத்தை ரத்து செய்யுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.