இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நிஜமான கம்பெனி பிடிப்பது எப்படி?

ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் தலைப்பு, மாடல், ரிப்போர்ட் எல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும். அது போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பட்டறையில் இறங்கி, அங்கே உண்மையிலேயே இருக்கும் சிக்கல் ஒன்றை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் இது. கோவையை வைத்து எழுதியிருக்கிறேன். அம்பத்தூர், துவாக்குடி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் இடத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே போவது

பெரிய கம்பெனிக்கு அலையாதீர்கள். ஹெச்.ஆர். வழியாகப் போனால் இன்பிளான்ட் டிரெயினிங் என்று பத்து நாள் சுற்றிக்காட்டி, சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்து முதல் நாற்பது பேர் வேலை செய்யும் யூனிட்தான் சரி. அங்கே முதலாளியே முடிவெடுப்பார், பெரும்பாலும் மெஷின் பக்கத்திலேயே நிற்பார். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சந்துக்குச் சந்து இப்படிப்பட்ட யூனிட்கள். பலவற்றுக்கு வெப்சைட் கிடையாது, மெயில் போட்டால் யாரும் பார்ப்பதும் இல்லை.

அறிமுகத்துக்கு நல்ல ஆள் உங்கள் காலேஜிலேயே இருக்கிறார்: ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். பேராசிரியர்களைவிட அவருக்குத்தான் வெளிப் பட்டறைகள் அதிகம் தெரியும். அடுத்தபடியாக, இன்செர்ட் (வெட்டும் கருவியில் மாட்டும் மாற்று முனை), டிரில் பிட் விற்கும் டூல்ஸ் கடைக்காரர். எந்த யூனிட்டில் இன்செர்ட் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

போனஃபைடு லெட்டர் கையில் இருக்கட்டும். ஷூ கட்டாயம். லேத் பக்கத்தில் துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு கயிறு இரண்டுமே ஆகாது. இரண்டு பேராகப் போங்கள். நான்கு பேர் போய் நின்றால் முதல் நாளே சூப்பர்வைசர் முகம் மாறிவிடும்.

படி 2: எப்போது போவது

மாதக் கடைசி டெஸ்பாட்ச் நேரம் வேண்டாம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கடைசி நாட்கள், அதையொட்டியும் வேண்டாம். வாரக்கூலி கொடுக்கும் இடங்களில் சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள். காலை ஒன்பது மணிக்கு யாருக்கு எந்த ஜாப் (செய்யவேண்டிய பாகம்) என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள், அப்போதும் வேண்டாம்.

பலருக்குத் தோன்றாத நல்ல நாள் ஒன்று உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம். எந்தப் பகுதியில் எப்போது என்று பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும். அன்று மெஷின் ஓடாது, முதலாளி இருப்பார், பேச நேரமும் இருக்கும். அளப்பதற்கு வேறு நாள் போய்க்கொள்ளலாம்.

படி 3: என்ன கேட்பது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"ஏதாவது ப்ராப்ளம் இருந்தா சொல்லுங்க சார், அதையே ப்ராஜெக்டா பண்றோம்" என்று கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி, நல்லாத்தான் ஓடிட்டிருக்குது" என்றுதான் பதில் வரும். அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். தினமும் நடப்பது அவருக்குப் பிரச்சினையாகவே படாது. தெரிந்திருந்தாலும், முன்பின் அறியாத பையனிடம் சொன்னால் கஸ்டமர் காதுக்குப் போய்விடுமோ என்ற யோசனை இருக்கும்.

'பிரச்சினை' என்ற பேச்சையே எடுக்காமல், கண்ணுக்குத் தெரியும் பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

"போன மாசம் எந்த ஜாப்ங்க ரிட்டர்ன் வந்துச்சு?"

"ஒரு ஜாப் இறக்கிட்டு அடுத்தது செட்டிங் பண்ண எவ்வளவு நேரம் ஆகுதுங்க?" இதை முதலாளியிடமும் ஆபரேட்டரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாளி அரை மணி என்பார். ஆபரேட்டர் சிரித்துவிட்டு, "அது ஜாப்பைப் பொறுத்துங்க" என்பார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசமே ஒரு செமஸ்டருக்குப் போதுமான ப்ராஜெக்ட்.

"ப்ரொடக்‌ஷன் எந்த நோட்டுல எழுதறீங்க?" வாங்கிப் புரட்டுங்கள். வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா எண்ணும் 50, 100 என்று முடிந்தால் சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. அந்த டேட்டாவை நம்பி கிராஃப் போடாதீர்கள், நீங்களே அளக்க வேண்டும்.

கிளம்பும் முன் ரிஜெக்‌ஷன் பெட்டியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பம்ப் காஸ்டிங் மெஷினிங் செய்யும் இடமென்றால் பிளோ ஹோல் (வார்ப்பில் காற்று அடைபட்டு விழும் ஓட்டை) விழுந்த பீஸ்கள் கிடக்கும். மேல் தோலை மெஷினில் சீவிய பிறகுதான் ஓட்டை தெரியும். அதற்குள் மெஷினிங் நேரம் போயிருக்கும். காசு யார் தலையில் என்று ஃபவுண்ட்ரிக்கும் மெஷின் ஷாப்புக்கும் ஓயாத இழுபறி. எந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்), பீஸில் எந்த இடம், எந்த ஆபரேஷனில் வெளிப்பட்டது என்று ஆறு வாரம் குறித்து, காஸ்டிங் படத்தின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் ஃபவுண்ட்ரிக்காரரிடம் காட்டிப் பேச முதலாளிக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

படி 4: ஒரே ஓர் எண்

'உற்பத்தித்திறனை மேம்படுத்துதல்' மாதிரித் தலைப்பு வேண்டாம். அளக்கக்கூடிய ஓர் எண் போதும். எதுவும் சிக்காவிட்டால் கம்ப்ரஸர் லீக் டெஸ்ட் எடுங்கள். கம்ப்ரஸர் காற்று இல்லாத பட்டறை கிடையாது.

எல்லா மெஷினும் நின்ற பிறகு, லைன் வால்வுகளைத் திறந்தே வைத்து, கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். அழுத்தம் நிரம்பி அது தானாகக் கட்-ஆஃப் ஆனதும் ஸ்டாப்வாட்சைப் போடுங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறைந்தது ஐந்து சுற்று குறியுங்கள். ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் லீக் சதவீதம். ஒன்றரை நிமிடம் ஓடி ஆறு நிமிடம் நின்றால் 20 சதவீதம். 10 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் சுமார் 7.5 கிலோவாட், அதில் ஐந்தில் ஒரு பங்கு 1.5. நாளுக்கு 10 மணி நேரம், 25 நாள் என்றால் மாதம் 375 யூனிட் காற்றோடு போகிறது. பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கி ரூபாயாகச் சொல்லுங்கள். சதவீதத்தைவிட அது சட்டென்று காதில் ஏறும்.

கணக்கு தப்பும் இடங்கள்: யாராவது ஏர் கன்னால் பென்ச் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சில சி.என்.சி.களில் மெஷின் நின்றாலும் ஸ்பிண்டிலுக்குக் காற்று போய்க்கொண்டே இருக்கும், அது லீக் கணக்கில் சேர்ந்துவிடும். ஓட்டையைத் தேட சோப்புத் தண்ணீர் போதும், மின் பேனல் பக்கம் மட்டும் தெளிக்காதீர்கள். குயிக் கப்ளர்களையும் ஹோஸ் கிளாம்ப்களையும் முதலில் பாருங்கள்.

கருவிகள் பற்றி

நோட்டு, போன் ஸ்டாப்வாட்ச், கூகுள் ஷீட்ஸ். என் கருத்தில் இதற்கு மேல் தேவையில்லை. ரிவியூவில் பளிச்சென்று தெரியட்டும் என்று ஆர்டுயினோவில் சென்சார் கட்டினால், வெல்டிங் செட்டும் மோட்டார் கான்டாக்டரும் (மின் சுவிட்ச்) கிளப்பும் மின் இரைச்சலில் ரீடிங் தாறுமாறாகத் துள்ளும். கடைசியில் ப்ராஜெக்ட் போய், சென்சாரைச் சரிசெய்வதே வேலையாகிவிடும்.

கைடு "பேஸ் பேப்பர் எங்கே?" என்று கேட்டால்

ப்ராஜெக்டுக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரையைத்தான் அப்படிச் சொல்வார்கள். நிச்சயம் கேட்பார். பட்டறையின் பிரச்சினைக்குப் பேப்பர் இருக்காது, அளக்கும் முறைக்கு இருக்கும். செட்டிங் நேரம் என்றால் அதைக் குறைக்க ஷிகியோ ஷிங்கோ வகுத்த எஸ்.எம்.இ.டி. முறையை ஒட்டி நிறைய ஆய்வுகள் உண்டு. ஜீரோத் ரிவியூவுக்கு (தலைப்பை ஏற்கும் முதல் ரிவியூ) அதில் இரண்டைக் கொண்டுபோங்கள். டிராயிங்கைக் காட்டும்போது கஸ்டமர் பெயரும் பார்ட் நம்பரும் உள்ள டைட்டில் பிளாக்கை வெட்டிவிடுங்கள். ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும்) யூனிட்டில் டிராயிங் முதலாளியுடையதே அல்ல, கஸ்டமருடையது.

பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு

உங்களுக்கும் இதே பட்டறைதான், ஆபீஸ் அறைக்குள் போங்கள். வரவேண்டிய பாக்கியை நாள் வாரியாகப் பிரித்துப் போடுங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். எந்தக் கஸ்டமர் எத்தனை நாள் தாண்டுகிறார் என்ற பட்டியலை டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்துவிடலாம். பில் தேதியா, சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியா என்பதில்தான் குழம்புவார்கள். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணுங்கள்.

லெட்டர்

கம்ப்ளீஷன் லெட்டரை அவர்களே டைப் செய்யட்டும் என்று காத்திருந்தால் வராது. தேதிகள், செய்த வேலை, அளந்த எண் எல்லாவற்றையும் நீங்களே எழுதி, ரிப்போர்ட்டோடு காட்டி, எதை எடுக்கச் சொல்கிறாரோ எடுத்துவிட்டு, லெட்டர்ஹெட்டில் பிரின்ட் போட்டு வாங்குங்கள். மார்ச் பத்துக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் இயர் எண்டிங் கணக்கு ஆரம்பித்துவிடும், சீல் ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருக்கும்.