கேபிள், டிஷ் இல்லாமல் மேட்ச் பார்க்க: மலையகத்தில் கூரை அன்டெனா பூட்டும் முறை

மாதக் கட்டணம் கட்டாமல் உதைபந்தாட்டம் பார்க்க இலங்கை மலையகத்தில் இன்னும் கைகொடுப்பது அலுமினிய அன்டெனாதான். எந்தத் தொடரை எந்தச் சேனல் வாங்கியிருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். கட்டணச் சேனலில் மட்டும் போகிற லீக் ஆட்டங்கள் இதில் வராது.

வாங்க வேண்டியவை: விஎச்எஃப், யூஎச்எஃப் என்ற இரண்டு டீவி அலைவரிசையும் எடுக்கும் யாகி அன்டெனா ஒன்று (நீளக் குச்சியும் குட்டைக் குச்சியும் கலந்திருக்கும்), 10 அடி ஜீஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், சுவரில் பைப்பைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், 75 ஓம் ஆர்ஜி-6 வயர், டீவிக்கான அன்டெனா பின். 'டிஜிட்டல்' என்று சொல்லி விற்கும் டிவிபி-டி2 பெட்டி வேண்டாம். அது வேறொரு டிஜிட்டல் முறை, இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை. கூரைக்கு வருவது இன்னும் அனலொக் அலை.

இனி திசை. பாதி வேலை இதில்தான். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியதிலிருந்து அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்றால் அது வடகிழக்கே. பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு வடமேற்கே. குட்டைக் குச்சி உள்ள முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பலர் தலைகீழாக மாட்டிவிட்டு அன்டெனாவைத் திட்டுவார்கள். குச்சிகள் படுக்கையாகவா நிமிர்ந்தா என்று சந்தேகமிருந்தால், நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டுக் கூரையைப் பாருங்கள்.

உங்கள் லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடு) உச்சிக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் பைப்பை உயர்த்துவதில் பெரிய பலனில்லை. பத்தடி தள்ளி இஸ்தோப்பு (வெளித்திண்ணை) மூலையில் வைத்தால் சில சமயம் படம் தெளிந்துவிடும். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிப்பதும் உண்டு. தகரக் கூரைக்குள் வைக்கும் குட்டி அன்டெனா வீண் செலவு. தகரம் அலையை மறித்துவிடும். கூரைக்கு மேல் குறைந்தது 5 அடி விடுங்கள். கரண்ட் கம்பி அருகில் போனால் அந்த இடமே வேண்டாம், பைப் சாய்ந்தால் உயிர் போகும்.

வயரை வெட்டும்போது வெளித்தோலை 15 மில்லிமீற்றர் உரித்து, வலைக்கம்பியைப் பின்னால் மடியுங்கள். உள் வெள்ளையை 7 மில்லிமீற்றர் அளவுக்கு நீக்கினால் செம்புக்கம்பி தெரியும். மடித்த வலையின் ஒரு இழை செம்பைத் தொட்டாலும் படம் போய்விடும். 'அன்டெனா சரியில்லை' என்று வரும் புகாரில் பாதி இந்த ஒற்றை இழைதான். அன்டெனா முனையில் ரப்பர் டேப் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு வீட்டுக்குள் எடுங்கள். மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், டீவிக்கு வராது.

டீவி மெனுவில் 'கேபிள்', 'டிடிவி' (டிஜிட்டல்) இரண்டையும் விட்டு அன்டெனா, ஏடிவி (அனலொக்) என்று தெரிவு செய்து தானியங்கித் தேடல் கொடுங்கள். படம் வந்து சத்தம் இரைந்தால் ஒலி முறையை பி/ஜி ஆக்குங்கள். ஒருவர் கூரையில், ஒருவர் டீவி முன்னால். ஒரு விரற்கடை திருப்பி, ஐந்து நொடி பொறுத்து, பிறகுதான் அடுத்த திருப்பு.

படம் முழுக்கப் புள்ளி என்றால் அலை பலவீனம். உருவம் இரட்டையாகத் தெரிந்தால் மலையில் பட்டுத் திரும்பும் அலை. அன்டெனாவைச் சற்றுத் திருப்பினால் குறையும், பூஸ்டர் (அலையைப் பெருக்கும் பெட்டி) போட்டால் இரண்டு உருவமும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் தேவையென்றால் அன்டெனா அருகில் பூட்டுங்கள். டீவிக்குப் பின்னால் வைத்தால் வயர் வழியில் சேர்ந்த இரைச்சலும் பெருகும். உச்சிக்குக் கீழேயே இருக்கும் நுவரெலியா நகரில் பூஸ்டர் வேண்டியதேயில்லை, அலை அளவு மீறிப் படம் கலங்கும்.

உலகக் கிண்ணம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில். அது தென்மேல் மழைக்காலம். காற்றில் பைப் திரும்பிவிடும் என்பதால் முதல் ஆட்டத்துக்கு முன்பே கிளாம்பை இறுக்குங்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி கேட்டால் அன்டெனா பின்னையும் கரண்ட் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும்.

அலையே எட்டாத பள்ளத்தில் இருந்தால் சேனலின் நேரலையை போனில் திறந்து, அந்த வசதியுள்ள போன் என்றால் எச்டிஎம்ஐ வயரில் டீவிக்குக் கொடுக்கலாம். 720பி தரத்தில் ஓர் ஆட்டத்துக்கு 2 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். நேரலை அரை நிமிடமாவது பிந்தி வரும். பக்கத்து லயத்தில் அன்டெனா இருந்தால் கோல் சத்தம் முதலில் அங்கிருந்துதான் கேட்கும்.